எல்லை சுற்றிய வருஷம்

என் சொந்தத் தாய்மாமா என்னைத் தூக்கி ஒரு கருங்கல்லின் மேல் ஓங்கி இடித்தார். நான் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. போதகர் ஐயா பக்கத்தில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா பார்த்துச் சிரித்தாள். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்வார்களாம். இங்கிலாந்தில் செய்வதைச் சிட்லபாக்கத்தில், அதுவும் என் முதுகெலும்பின் நுனியில், எதற்காகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கே கத்திக் கேட்டேன். ஆனால் அது பெரிய விஷயமில்லை. வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வயதிலும் என் இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது.

அறுபதுகளின் கடைசி அது. மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். மிஷன் பள்ளியில் பூகோள ஆசிரியர். கல்யாணம் ஆகாததால் எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கியிருந்தார். ஆசிரியர் பயிற்சிக்கென்று அவரை ஒரு வருஷம் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லண்டனைப் பார்த்துவிட்டு வருவார் என்று நாங்கள் காத்திருக்க, அவரோ ஆடு மேயும் ஏதோ ஒரு குக்கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்தக் கிராமத்தைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதன் பெயரில் ஏகப்பட்ட எழுத்துகள் இருந்தன. பாதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம். நாங்கள் சுலபமாக 'மாமா ஊர்' என்று வைத்துக்கொண்டோம்.

சாயங்காலங்களில் முன்னறைச் சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கிய ஸ்லைடு மெஷினை வைத்து, மாமா ஊரை எங்களுக்குக் காட்டுவார். ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் கீழே நாம் தாண்டிவிடக்கூடிய அகலத்தில் ஓர் ஓடை. ஓடைக்கரையில் நின்றுபோன மாவு ஆலை. சிக்கிமுக்கிக் கல்லால் கட்டிய கோபுரத்தோடு ஒரு கோவில். அந்தக் கோவிலைவிட வயதான ஒரு மரம். பிறகு கூரை வேய்ந்த வீடுகள் வரும். வெள்ளைக்காரன் கூரை வீட்டில் இருக்கிறானா என்று அண்ணன் நம்பவே மாட்டான். எங்கள் தெருக்கோடியில் கூரை வீட்டில் இருந்தவர்கள் ஓடு போட வழியில்லையே என்று தலை குனிந்து நடந்துகொண்டிருந்த காலம் அது.

"இதுக்குப் பேரு பாரிஷ்," என்பார் மாமா. "நம்ம சபை மாதிரி கோவிலைச் சேர்ந்தது மட்டும் இல்ல. நம்ம பஞ்சாயத்து மாதிரி ஊரை நடத்துறதும் பாரிஷ்தான். அதுக்கு ஒரு கவுன்சில். கவுன்சில்ல என்ன பேசுவாங்க தெரியுமா? வயலுக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதையை ஒருத்தன் வேலி போட்டு மறிச்சுட்டான்னு ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடுவாங்க."

"இங்க ஏரியையே மறிச்சாலும் கேக்க ஆள் இல்ல," என்று அப்பா நாற்காலியில் இருந்தபடி சொல்வார். அப்பா பட்டணத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். தாம்பரம் வரை நடந்து, மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புபவர். அவருக்கு மாமா ஊரின் மேல் பெரிய ஈடுபாடு இல்லை.

"அதான் மச்சான் நான் சொல்றது. அந்த ஊர்ல ஒவ்வொரு வயலுக்கும் பேரு உண்டு. ஒவ்வொரு எல்லைக் கல்லும் சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நம்ம புள்ளைங்களுக்கு தேம்ஸ் நதி எங்க பொறக்குதுன்னு நான் பாடம் நடத்துறேன். சிட்லபாக்கம் ஏரி நெறைஞ்சா தண்ணி எங்க போகும்னு கேளுங்க, ஒண்ணு வாய் தெறக்காது."

செம்பாக்கம் ஏரிக்குப் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கல் எப்படித் தெரியும் என்றால், அதற்கு அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்ததாம். வருஷத்தில் ஒருநாள் போதகரும் ஊர்க்காரர்களும் பாட்டுப் பாடிக்கொண்டே பாரிஷின் எல்லையைச் சுற்றி வருவார்கள். கையில் மெல்லிய விளார்க் குச்சி வைத்திருப்பார்கள். எல்லைக் கல் வந்ததும் அதை அடிப்பார்கள். அந்தக் காலத்தில் கல்லோடு விட்டதில்லை. கூட வந்த பையன் ஒருவனையும் தூக்கி அதன் மேல் இடிப்பார்கள். வலித்தால்தானே மறக்காது? காகிதம் கரையான் அரித்துப் போகலாம், பெரியவர்கள் செத்துப் போகலாம், இடி வாங்கிய பையன் கிழவனாகி வந்து, 'கல் இங்கேதான் இருந்தது' என்று சாட்சி சொல்வான்.

நம் சபைக்கும் இது வேண்டும் என்று மாமா போதகர் ஐயாவிடம் போய் நின்றார். ஐயா சாது. யார் எது கேட்டாலும் "கர்த்தருக்குச் சித்தமானால் செய்யலாமே" என்பவர். அந்த ஊரில் அதை மே மாதத்தில் செய்வார்களாம், வசந்த காலம். இங்கே மே மாதம் என்ன காலம் என்பதை மாமாவும் யோசிக்கவில்லை, கர்த்தரும் தடுக்கவில்லை.

கத்திரி வெயிலில், நொச்சி விளாரைக் கையில் பிடித்துக்கொண்டு, கோவில் நிலத்தைச் சுற்றி நடந்தோம். அங்கிருந்து ஏரிப் பக்கம் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பையனுக்கு இடி விழுந்தது. லேசாகத்தான். இடி வாங்கியவனுக்கு ஒரு பன். பையன்கள் பன்னுக்காக முண்டியடித்துக்கொண்டு இடி வாங்கினார்கள். கடைசிக் கல் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலையில், ஒற்றைப் பனைமரத்தின் அடியில் இருந்தது. அங்கே இடிபட வேண்டியவன் சபைச் செயலாளரின் மகன். அவன் வெயில் தாங்காமல் எப்போதோ நழுவி வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வீடுதான் தோட்டத்தை ஒட்டி இருக்கிறதே. மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். கையில் அகப்பட்டது நான், ஒரு பெண்பிள்ளை.

மற்ற எல்லாக் கல்லிலும் லேசாக இடித்தவருக்கு என்னைத் தூக்கியதும் கை வழுக்கிவிட்டது. நான் விழுந்த வேகத்தில் கண்ணில் பொறி பறந்தது. தரையில் கிடந்து அழுதபோது எனக்கு ஒரு பக்கம் பனைமரம் தெரிந்தது. இன்னொரு பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு சின்ன மரச்சிலுவை தெரிந்தது. அது எங்கள் பாப்பாவின் சிலுவை. மாமா கப்பல் ஏறிய பிறகு பிறந்து, அவர் திரும்புவதற்குள் காய்ச்சலில் போய்விட்ட என் தங்கை. பெட்டி சின்னதாக இருந்ததால் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். ஒருத்தி அழுதால் இன்னொருத்தி எழுந்துவிடுவாள் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நினைப்பில் நான் அழுகையை அடக்கிக்கொண்டேன். அம்மா வந்து என்னைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டாள். அப்படியே குனிந்து சிலுவைமேல் இருந்த மண்ணையும் தட்டினாள்.

இனி நான் சொல்லப்போவதற்கு அந்த இடம் முக்கியம். அதனால்தான் இத்தனை விவரம்.

அந்த மழைக்காலத்தில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனோம். அம்மா மாதக்கணக்கில் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. வயிற்றில் தம்பி இருந்தான். இரண்டு தடவை ரத்தம் பட்டு, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அன்றைக்கு மட்டும் பிடிவாதம் பிடித்து ரிக்‌ஷாவில் வந்தாள்.

கேட்டுக்குள் நுழைந்ததுமே எனக்கு ஏதோ தப்பாகத் தெரிந்தது. கிழக்குப் பக்கம் வானம் குறைவாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, புதிதாக ஒரு சுவர். செயலாளர் தன் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தார். பனைமரத்தைக் காணவில்லை. மூலைக் கல் மட்டும் வெள்ளை அடித்துப் பளிச்சென்று சுவரின் இந்தப் பக்கம் நின்றது. அதிலிருந்து சற்றுத் தள்ளி, புதிதாக அணைத்த மண்மேட்டில், எங்கள் பாப்பாவின் சிலுவை.

"இங்க இல்லையே," என்றாள் அம்மா. "பனைக்குப் பக்கத்துல இல்ல இருந்தா?"

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பனையை வெட்டிட்டாங்கல்ல அக்கா, அதான் உனக்கு அப்படித் தோணுது. மழையில மண்ணு கரைஞ்சிருந்துது, நான்தான் அணைச்சு விட்டேன். பாரு, பாப்பா இங்கதான் இருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்!" என்று கத்தினேன். "பனமரம் அங்க இருந்துச்சு, சுவருக்கு அந்தப் பக்கம்! பாப்பாவும் அங்கதான் இருக்கா! கல்லை யாரோ புடுங்கி இங்க நட்டிருக்காங்க!"

பாட்டு நின்றது. கையில் மெழுகுவர்த்தியோடு சபையே திரும்பிப் பார்த்தது. செயலாளர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக முன்னே வந்தார். எங்கள் கோவிலின் ஆர்மோனியம் அவர் கொடுத்தது. பிரசங்க மேடைக்கு மேலே சுற்றிய மின்விசிறி அவர் கொடுத்தது. அவரிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத கூட்டம் அது. என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"குழந்தைதானே. குழந்தைங்களுக்கு எடம் தெரியுமா, திசை தெரியுமா?"

"எனக்குத் தெரியும்! மாமா, நீங்கதானே என்னை இடிச்சீங்க? மறக்கக் கூடாதுன்னுதானே இடிச்சீங்க? எங்க இடிச்சீங்கன்னு சொல்லுங்க!"

மாமா என்னைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே, "இங்கதான்," என்றார்.

"இல்ல!"

"இங்கதாம்மா. நீ அன்னைக்கு வெயில்ல மயங்கிக் கெடந்த. உனக்கு ஞாபகம் இருக்காது."

நான் அப்பாவைப் பார்த்தேன். பாப்பாவின் பெட்டியை மடியில் வைத்து எடுத்துவந்தவர் அவர்தான். அவருக்குத் தெரியாமல் போகுமா? "நீங்க சொல்லுங்கப்பா," என்றேன். அப்பா என் கன்னத்தில் அறைந்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரே தடவைதான். அறைந்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

போதகர் ஐயா ஜெபிக்கலாம் என்றார். செயலாளரே ஜெபித்தார். நீளமான ஜெபம். பிறனுக்குரியதை இச்சிக்காத இருதயத்தை எங்களுக்குத் தர வேண்டும் என்று அதில் ஒரு விண்ணப்பம்கூட இருந்தது. ஆமென் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அம்மா மாமாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அந்த மண்மேட்டில் சம்பங்கிகளை ஒவ்வொன்றாக வைத்தாள்.

என் பங்குப் பூவை நான் அங்கே வைக்க மறுத்துவிட்டேன். சுவருக்கு மேலே வீசினேன். பாதி என் தலையிலேயே விழுந்தது.

அதற்குப் பிறகு மாமாவோடு நான் பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பேசாமல் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் பரிமாறினால் தட்டைத் தள்ளிவைப்பேன். அவர் ஸ்லைடு மெஷினை வெளியே எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஒருநாள் விருந்தாளிகளுக்காக வேட்டியைக் கட்டிப் படம் போட்டபோது, அந்த ஊர் எல்லைக் கல் சுவரில் வந்ததும் நான் வாசலிலிருந்து, "அந்தக் கல்லும் இடம் மாறுமா?" என்று உரக்கக் கேட்டேன். மாமா மெஷினை அணைத்தார். அதன் பிறகு அதை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அடுத்த மே மாதம் எல்லை சுற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை. அதில் எனக்குப் பரம திருப்தி. தோற்றுப்போனவர் எப்படி நடத்துவார் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். மாமா கல்யாணம் ஆகி ஊரப்பாக்கம் பக்கம் குடி போனார். காலப்போக்கில் நான் பேசவும் தொடங்கினேன். சின்ன வயதுச் சண்டையை எத்தனை காலம் இழுப்பது? ஆனால் உள்ளுக்குள் அவரைக் கோழை என்றே வைத்திருந்தேன். அம்மா இறந்த பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, பேச்சு வாக்கில் அந்தக் கல் விஷயத்தை நானே எடுத்தேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"செயலாளரோட மேஸ்திரி என்னைத் தேடி ஸ்கூலுக்கே வந்துட்டான்," என்றார். "'சுவருக்குக் கடக்கால் தோண்டச் சொல்லோ சின்னப் பொட்டி ஒண்ணு கீது சார், ஒடஞ்சி பூட்ச்சு. மூடிட்டு வேலையப் பாருன்றாரு. எனக்கு மனசு வர்ல சார்'னான். ஓடினேன். பலகையெல்லாம் மண்ணுக் குவியல்ல கெடந்துச்சு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"செயலாளர் பக்கத்துலதான் நின்னார். 'தெரியாம நடந்துபோச்சு தம்பி. நீங்க பெரிசு பண்ணினா போலீஸ் வரும், பஞ்சாயத்து வரும், மாசமா இருக்குற உங்க அக்கா காதுக்கும் போகும். யோசிச்சுக்குங்க'ன்னார். யோசிச்சேன். உங்க அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். நானே இந்தப் பக்கம் குழி வெட்டி, பாப்பாவை என் துண்டுல சுத்தி வச்சேன். அவ பொறந்தப்பவும் நான் இல்ல, போனப்பவும் நான் இல்ல. அன்னைக்குத்தான் முதல் தடவையா அவளைத் தூக்கினேன்."

"தம்பி பிறந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள சுவர் காய்ஞ்சுபோச்சு. நானும்தான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவ கேக்கல."

மாமாவை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். என் மன்னிப்பு அவருக்குத் தேவைப்பட்டதா என்பது வேறு விஷயம். அந்தச் செயலாளரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு முழம் நிலத்துக்காகக் குழந்தையின் மண்ணைத் தோண்டியதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் குழந்தையின் தாய் வயிற்றில் சுமந்துகொண்டிருந்த இன்னொரு குழந்தையைக் காட்டி ஒரு நல்ல மனிதரைப் பொய் சொல்ல வைத்தாரே, அதற்கு எந்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்டார்? தொண்ணூறை நெருங்கும் வரை வாழ்ந்தார். அவருடைய அடக்கத்துக்கு மூன்று போதகர்கள் வந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அந்த ஒரு முழமும் அதற்குள்தான் இருக்கிறது.

மாமா அன்றைக்குச் சொல்லி முடித்தபோது எனக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. சுவர் வந்ததற்கு அடுத்த வருஷக் கல்லறைத் திருநாள். நான் அவரோடு பேசாமல் இருந்த காலம். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிலுவையடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போன வருஷம்போல் என் பங்குப் பூவை எடுத்துக்கொண்டு சுவரடிக்குப் போனேன். சுவரை இன்னும் உயர்த்தியிருந்தார்கள். எவ்வளவு எக்கி வீசினாலும் பூ சுவரில் பட்டு என் மேலேயே கொட்டியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

பின்னால் யாரோ வந்து என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். மாமா. ஒரு வார்த்தை பேசாமல், சுவருக்கு மேலே என் தலை தெரியும்வரை தூக்கினார். அந்தப் பக்கம் செயலாளர் வீட்டுக் கிணறு இருந்தது. துவைக்கிற கல் இருந்தது. கொடியில் வேட்டி காய்ந்தது. பனை நின்ற இடத்தில் ஒரு முருங்கைக் கன்று நட்டிருந்தார்கள்.

"நல்லாத் தெரியுதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"தெரியுது," என்றேன். ஒரு வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பதில். கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டார், நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. முருங்கைக் கன்றைக் குறிபார்த்து, அவசரப்படாமல், ஒரு பூவைக்கூட மிச்சம் வைக்காமல் எறிந்தேன். முடியும்வரை அவர் என்னை இறக்கவில்லை. அவர் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. நான் கனத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.